பதினான்கு கடிதங்கள்

படைப்பெழுத்தில் பட்டப்படிப்பு என்று பேச்செடுத்தாலே போதும், "எழுதுறதை எல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. எழுத்து என்பது வரம், அது உள்ளே இருந்தால் வரும், இல்லையென்றால் இல்லை என்று அவரே முடித்தும் வைத்துவிடுவார். இந்தக் கேள்வி எனக்குள் பல காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் உறுத்தல் இல்லை இது. அந்த வகுப்பறையில் மாணவர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதையே இந்தக் கேள்வி கண்டுகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இளநிலைச் சிறுகதைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் எழுதிய கதையை மற்ற மாணவர்கள் படித்துவிட்டு வந்து பேசும் வகுப்பு அது. செமஸ்டர் 15 வாரம், வகுப்பில் 15 பேர். முதல் நான்கு வாரம் அச்சில் வந்த கதைகளைப் படித்துப் பேசுவதிலும் சிறு பயிற்சிகளிலும் போகும். கடைசி வாரம் திருத்திய கதைகளின் தொகுப்பை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது 10 வாரம். வாரத்துக்கு மூன்று கதை என்றால் 30 கதை, ஆளுக்கு இரண்டு முறை. ஒரு கதை 3,000 சொல் என்று வைத்தால், இரட்டை இடைவெளியில் 12 புள்ளி எழுத்தில் 11 அல்லது 12 பக்கம் வரும். ஒரு மாணவர் மற்ற 14 பேரின் 28 கதைகளைப் படிக்க வேண்டும். அதாவது 300 பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு கதையிலும் ஓரக்குறிப்பு எழுத வேண்டும், கூடவே கதாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுத வேண்டும். கடிதம் 400 சொல் என்றால் 28 கடிதம் சேர்ந்து 11,200 சொல். அவர் தன் சொந்தக் கதையாக எழுதுவதோ 6,000 சொல்தான். எண்கள் இடத்துக்கு இடம் மாறும். 12 பேர் வகுப்பும் உண்டு, 18 பேர் வகுப்பும் உண்டு. ஆனால் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பத்தொன்பது வயது மாணவர் அந்த வகுப்பில் தன் கதைக்குச் செலவழிப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சொற்களை அடுத்தவரின் பாதி வெந்த கதைக்குச் செலவழிக்கிறார். எழுதக் கற்றுக்கொடுக்கும் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரம் போவது என்னவோ வரைவைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்.

அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் கிடைப்பதிலேயே மதிப்பு மிக்கது அதுதான் என்று நினைக்கிறேன். அச்சில் வந்த நல்ல கதையைப் படித்து ரசிப்பது ஒரு பழக்கம். இன்னும் முடியாத கதையைப் படித்து, அது என்னவாக முயல்கிறது என்று கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு பழக்கம். அது தானாக வராது. அதைச் சொல்லிக்கொடுக்க நன்றாகவே முடியும்.

பெரியவர்களுக்குத் தைத்த சட்டை

இந்தப் பட்டறை முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் குறையும் அங்கேயே தெரியும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இல் உயர்பட்டங்களுக்கு ஆய்வேட்டின் இடத்தில் படைப்பை ஏற்க முன்வந்தது. 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. 1941இலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதைக் கட்டி வளர்த்தவர் பால் எங்கிள். போர் முடிந்ததும், முன்னாள் படைவீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவிப்பணத்தில் ஏராளமானவர்கள் கல்லூரிகளுக்கு வந்தார்கள். அயோவா ஆற்றங்கரையில் இராணுவத் தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அங்கே உட்கார்ந்தவர்களில் பலர் போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். சொல்வதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது, எழுதி முடித்த கைப்பிரதியும் இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கண்டிப்பான வாசகர்கள்.

(அயோவா என்றதும் தமிழ் வாசகர்களுக்கு அசோகமித்திரன்தான் நினைவுக்கு வருவார். 1973இல் அவர் போனது இந்தப் பட்டறைக்கு இல்லை. பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்துத் திட்டத்துக்கு. பல நாட்டு எழுத்தாளர்கள் விருந்தினர்களாக வந்து தங்கிப் போகும் ஏற்பாடு அது. ஊர் ஒன்றுதான், விஷயம் வேறு.)

முதுநிலை மாணவர்களுக்குப் பொருந்திய அந்த ஏற்பாட்டை இளநிலைக்கு அப்படியே இறக்கியபோதுதான் இடித்தது. இளநிலை மாணவர் ஒரே சமயத்தில் புள்ளியியலும் ஸ்பானிஷ் மொழியும் படித்துக்கொண்டிருப்பார். பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் ஒரு பட்டறை 3 கிரெடிட்தான். முதலில் கதை, கவிதை, அபுனைவு மூன்றையும் தொட்டுக் காட்டும் அறிமுக வகுப்பு, பிறகு ஏதாவது ஒன்றில் இடைநிலை, பிறகு மேல்நிலை என்று ஏணி போல் போகும். கூடவே இலக்கியத் தாள்களும் எடுத்தாக வேண்டும். நான்கு ஆண்டில் அவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு பட்டறைகள்தான். அவரிடம் கைப்பிரதி எதுவும் தயாராக இருக்காது. பட்டறைத் தேதி வருகிறது என்பதற்காகக் கதை எழுதுவார், பெரும்பாலும் முந்தைய இரவில். இதில் ஏற்படும் நஷ்டத்தை அவர் உணர்வதில்லை. ஒரே இரவில் எழுதிய கதையில் எங்கே ஓட்டை என்று அவருக்கே தெரியும். தெரிந்த ஓட்டைகளையே 14 பேரும் எண்ணிக் காட்டுவார்கள். தன் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் காட்ட யாருக்கும் நேரம் மிஞ்சாது. கொடுக்கும் கதை அவரளவில் இரண்டாவது வரைவாகவாவது இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வயதுக்கு ஏற்ற வேறு முறைகளும் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் 1907இலிருந்து 'டெய்லி தீம்ஸ்' என்ற இளநிலை வகுப்பு நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் தினம் ஒரு பக்கம், ஏறக்குறைய 300 சொல் எழுதித் தர வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே ஒரு பயிற்றாசிரியரோடு தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் பேச வேண்டும். பருவம் முடியும்போது ஏறத்தாழ 60 பக்கம் சேர்ந்திருக்கும். ஒரு பக்கம் சரியில்லை என்றால் மறுநாள் இன்னொன்று. கை பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. பட்டறையில் ஒருவரின் இரண்டு கதைகளுக்கு 14 வாசகர்கள். இங்கே 60 பக்கத்துக்கு ஒரு வாசகர். பட்டறைக்கு முன்னால் ஒரு பருவமாவது இப்படி எழுதிவிட்டு வருபவர் பட்டறையை வேறு விதமாகப் பயன்படுத்துவார் என்பது என் துணிபு.

வாய் திறக்கக் கூடாத 40 நிமிடம்

வகுப்பு நடக்கும் விதம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வாரம் முன்பே கதை எல்லோர் கைக்கும் போய்விடும். வகுப்பில் ஒரு கதைக்கு 40, 45 நிமிடம். கதாசிரியர் முதல் பத்தியை உரக்கப் படிப்பார். அதன் பிறகு அவர் பேசக் கூடாது. மற்றவர்கள் பேசி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடம் அவர் கேள்வி கேட்கலாம். இந்த மௌன விதிக்கு ஒரு நியாயம் உண்டு. அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் நின்று "நான் நினைச்சது இது" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாளில் இல்லாதது வாசகருக்குக் கிடைக்காது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த 40 நிமிடம் உதவுகிறது.

விதி உடையும் இடமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடியேறிய ஹ்மாங் மக்கள் பெருந்திரளாக வாழ்கிறார்கள். அந்த மக்களின் குடும்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி தன் பாட்டியின் சாவை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் மரபில் சாவுச் சடங்கு பல நாள் நீளும், மூங்கில் குழல் வாத்தியம் ஓயாமல் ஒலிக்கும். வகுப்பில் முதலில் பேசுபவர் "ஏன் இத்தனை நாள்?" என்று கேட்கிறார். அடுத்தவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். 40 நிமிடத்தில் 25 நிமிடம் சடங்கைப் பற்றியே போய்விடுகிறது. ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லக்கூடியவர் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார். கதையில் பேத்திக்கும் அத்தைக்கும் நடுவில் நடப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அவர் செய்யும் திருத்தம் என்னவாக இருக்கும்? சடங்கை விளக்கி மூன்று பத்தி சேர்ப்பார். கதை ஊர் சுற்றிக் காட்டுபவரின் பேச்சாக மாறிவிடும். சாவு வீட்டில் துக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் எந்தப் பாத்திரமும் தன் வீட்டுச் சடங்கைத் தனக்கே விளக்கிக்கொள்ளாது.

இதற்கு மாற்றாகப் பல வகுப்புகள் எடுத்துக்கொண்டது எழுத்துலகுக்கு வெளியே பிறந்த ஒரு முறையை. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்தது. நான்கு படி. முதலில், மனத்தில் நின்றது எது என்று மட்டும் வாசகர்கள் சொல்வார்கள். இரண்டாவது, படைப்பாளி தனக்கு வேண்டியதைக் கேட்பார். மூன்றாவது, வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் அபிப்பிராயத்தை ஒளித்துவைத்த கேள்வியாக அது இருக்கக் கூடாது. "அப்பா ஏன் இவ்வளவு கொடுமைக்காரர்?" என்பதில் தீர்ப்பு இருக்கிறது. "அப்பாவை நாங்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பதில் இல்லை. நான்காவது படியில்தான் அபிப்பிராயம். அதுவும் "இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா?" என்று கேட்டு, படைப்பாளி சரி என்றால் மட்டும். இந்த மூன்றாவது படிதான் மாணவர்களுக்கு மிகக் கடினம். தீர்ப்பில்லாத ஒரு கேள்வியை உருவாக்க ஐந்து நிமிடம் திணறுவார்கள். அந்தத் திணறலில் தங்கள் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

எந்த முறையாக இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் பேசுபவர் எதைப் பேசுகிறாரோ, பேச்சு முழுவதும் அதன் பின்னால்தான் போகும். அதனால்தான் கடிதங்களை வகுப்புக்கு முன்பே எழுதி முடிக்கச் சொல்கிறார்கள். வகுப்பில் பேசாமல் இருந்த மாணவரின் கடிதத்தில்தான் பல சமயம் சரியான இடம் சுட்டப்பட்டிருக்கும்.

பேச்சு முடிந்த பிறகு வரும் வாரம்

ஒரு செமஸ்டரில் மாணவர் எழுத்தாளராகும் தருணம் என்று ஒன்று இருந்தால், அது வகுப்பில் நடப்பதில்லை. 14 கடிதங்களையும் ஓரக்குறிப்பு நிறைந்த 14 பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு அறைக்கு வருகிறாரே, அந்த வாரத்தில் நடக்கிறது. நடக்காமலும் போகிறது. வழக்கமாக என்ன ஆகிறது என்றால், அன்றிரவே எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒவ்வொரு கடிதமும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்துவிடுகிறார். ஒருவர் தொடக்கம் மெதுவாக இருக்கிறது என்றார், வெட்டிவிட்டார். இன்னொருவர் அம்மா வேண்டும் என்றார், அம்மா வந்துவிட்டார். முடிவில் யாரும் குறை சொல்ல முடியாத, யாருக்கும் நினைவிலும் நிற்காத ஒரு கதை மிஞ்சுகிறது.

செய்ய வேண்டியது இது. மூன்று நான்கு நாள் பையைத் திறக்கவே கூடாது. திறந்ததும் ஒருமுறை பேனா இல்லாமல் படிக்க வேண்டும். பிறகு குறிப்பே இல்லாத புதுப் பிரதி ஒன்றை அச்சடித்துக்கொண்டு, 14 பிரதிகளில் உள்ள குறிகளையும் அதில் ஒரே நிறப் பேனாவில் இடம் மாற்ற வேண்டும். யார் எழுதியது என்று போடக் கூடாது. என்ன சொன்னார்கள் என்பதையும் எழுத வேண்டாம். குறி விழுந்த இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். முடித்துவிட்டுத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினால், எங்கே புள்ளிகள் குவிந்திருக்கின்றன என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அங்கே ஏதோ தடுக்குகிறது என்பது உறுதி. ஆனால் தடுக்கும் இடமும் பழுதுள்ள இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அயோவா கிராமப்புறத்தில் நடக்கும் கதை. தாத்தா இறந்த பிறகு அவருடைய டிராக்டரை அப்பாவும் மகனும் ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் 'டிராக்டர் விலைபோனது' என்று ஒரு வரி. அதன் பிறகு ஊர்க்காரர்களோடு பேச்சு, சாப்பாடு, சின்ன வாக்குவாதம். ஒன்பதாம் பக்கத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து அப்பா அழுகிறார். எட்டுப் பேரின் புள்ளி அந்த அழுகைமேல் விழுந்திருக்கிறது. அந்த எட்டுக் கடிதங்களில் ஐந்து, தாத்தாவைப் பற்றிப் பழைய நினைவு ஒன்று சேர்க்கச் சொல்கின்றன. இரண்டு, அழுகையை வெட்டச் சொல்கின்றன. ஒன்று, அழுவது அம்மாவாக இருந்தால் நம்பும்படி இருக்கும் என்கிறது. ஓட்டெடுத்தால் பழைய நினைவு ஜெயித்துவிடும். எட்டுப் பேருமே சரியான இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எட்டு மருந்துமே தவறு.

பழுது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஏலத்தை நாம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இப்படி இருந்திருக்கும்: ஏலக்காரர் 8,000 டாலர் என்று கேட்டுத் தொடங்குகிறார். ஒரு கையும் எழவில்லை. 6,000 என்கிறார். 4,000. கூட்டத்தில் யாரோ செருமுகிறார்கள். 2,500க்கு இறங்கிய பிறகுதான் பின்வரிசையில் ஒரு கை எழுகிறது. அங்கிருந்து நூறு நூறாக ஏறி 3,100இல் நின்றுவிடுகிறது. அப்பா தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொள்கிறார். இவ்வளவு எழுதிவிட்டால் ஒன்பதாம் பக்கத்துக்குப் பழைய நினைவு எதுவும் வேண்டாம். அழுகைக்கு ஒரு வரி போதும். அந்த வரி இல்லாமலேயே கூட நிற்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க மாணவர் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கதை எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது. 'ஊரே பார்க்க ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்புக்கு விலை குறைந்துகொண்டே போகிறது.' எழுதிவிட்டால், வேறு கதையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கடிதங்கள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றை நன்றியோடு எடுத்துவைத்துவிடலாம். பிறகு திருத்துவதற்குப் பழைய கோப்பைத் திறக்கக் கூடாது. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்றுப் பக்கத்தில் முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட வேண்டும். திரையில் இருக்கும் வாக்கியம் இருக்கிறது என்பதாலேயே தங்கிவிடும். மறுபடி தட்ட வேண்டியிருந்தால், வேண்டாத வாக்கியத்துக்குக் கை போகாது.

இரண்டாவது முறையை என்ன செய்வது

என் மனக்குறை இங்கேதான். ஆளுக்கு இரண்டு முறை பட்டறை என்று பார்த்தோம். பெரும்பாலான வகுப்புகளில் இரண்டாவது முறைக்குப் புதுக் கதைதான் வருகிறது. திருத்திய டிராக்டர் கதை செமஸ்டர் கடைசியில் தொகுப்புக்குள் போகும். அதை ஆசிரியர் மட்டும் படித்து மார்க் போடுவார். அழுகையை வெட்டச் சொன்னவருக்கு, அதை வெட்டாமலேயே சரிசெய்ய முடிந்தது என்பது கடைசி வரை தெரியாது. தான் தடுக்கிய இடமும் தான் சொன்ன மருந்தும் வேறு வேறு என்று அவர் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. 28 கடிதம் எழுதியும், ஒரு கடிதமாவது என்ன விளைவை உண்டாக்கியது என்று பார்க்காமலேயே அவர் வகுப்பை விட்டுப் போகிறார்.

இரண்டாவது முறையும் அதே கதைதான் வர வேண்டும். ஏற்கெனவே படித்தவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்பது நியாயமான எதிர்வாதம். சலிப்பை விடப் பெரிய சிக்கலும் உண்டு. பழைய வரைவு நினைவில் இருப்பதால், புதியதில் இல்லாததையும் அவர்கள் தாமாகவே நிரப்பிப் படிப்பார்கள். இதற்கு வழி இருக்கிறது. 15 பேர் வகுப்பில் முதல் வரைவை 7 பேருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். திருத்தி எழுதியதை 14 பேருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுத வேண்டிய கடிதங்கள் 28இலிருந்து 21 ஆகக் குறைகின்றன. மிஞ்சும் நேரத்தைத் தினம் ஒரு பக்கப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். பழைய 7 பேர் எது மாறியது என்று சொல்வார்கள். புது 7 பேருக்கு ஒன்பதாம் பக்கத்தில் முன்பு ஒரு சிக்கல் இருந்தது என்பதே தெரியாது. அவர்களுடைய ஏழு பிரதிகளையும் தரையில் பரப்பி, அப்பா வண்டிக்குள் ஏறி உட்காரும் அந்தப் பத்தியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பேனாவே படாமல் வெள்ளையாக இருந்தால், கதை அந்த இடத்தைக் கடந்துவிட்டது.